இடைத்தங்கலைத் தேடுவோருக்கு இ-பேர்ட் எவ்வளவு உதவும்?

வலசைப் பறவைகள் வழியில் எங்கே இறங்குகின்றன, அங்கே என்ன செய்கின்றன, எத்தனை நாள் தங்குகின்றன என்னும் மூன்று கேள்விகளோடு இ-பேர்ட் சேவையைத் திறப்பவருக்கு முதல் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கும், இரண்டாவதற்கு அரைகுறையாகக் கிடைக்கும், மூன்றாவதற்குக் கிடைக்காது. பறவை பார்ப்போர் தாம் கண்டவற்றைப் பட்டியலிட்டு இணையத்தில் பதிவதற்காக, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய இந்தக் கட்டணமில்லாச் சேவையில் படங்கள், ஒலிப்பதிவுகள் என்று பேசுவதற்கு எவ்வளவோ இருந்தாலும், இடைத்தங்கலை அறிவதற்கு இது எந்த அளவுக்கு ஏற்றது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

இடைத்தங்கல் என்பது களைப்பாறுதல் மட்டுமன்று. சிறு பறவைகள் பலவற்றுக்கு வலசைக் காலத்தில் பறப்பதைவிட இடையில் தங்கித் தின்பதிலேயே அதிக நேரம் கழிகிறது. எடைக்கு எடை பார்த்தால் மாவுச்சத்தையும் புரதத்தையும் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் தருவது கொழுப்பு என்பதால், அடுத்த கட்டப் பயணத்துக்கான எரிபொருளை அவை கொழுப்பாகவே சேர்க்கின்றன. நெடுந்தூரம் பறக்கும் கரைப்பறவைகளில் சில, புறப்படும் முன் குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்கின்றன. ஆகவே வந்து இறங்கியதும் முதலில் அந்த உறுப்புகளை மீட்டெடுத்த பிறகுதான் எடை கூடத் தொடங்கும். ஓரிடம் நல்ல தங்கலிடமா என்பதைச் சொல்ல வேண்டுமானால், அங்கே எத்தனை பறவைகள் இருந்தன என்பதோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு நாள் இருந்து எவ்வளவு கொழுத்தது என்பதும் தெரிய வேண்டும்.

சேவையின் வலிமை அதன் பட்டியல் முறையில் இருக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்தோமா என்று ஒவ்வொரு பட்டியலிலும் கேட்கப்படுகிறது. இந்தக் கடைசிக் கேள்வி எளிமையாகத் தோன்றினாலும், ஒரு பறவை இல்லாததையும் தரவாக மாற்றுவது அதுதான். மாதத்தை நான்காகப் பிரித்துக் காட்டும் பட்டை வரைபடத்தில், போக்கில் வந்து தங்கிச் செல்லும் பறவை ஆண்டுக்கு இரண்டு தடித்த கீற்றுகளாகத் தெரியும், இடையில் வெறுமை. எந்த வாரத்தில் களத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய இதைவிட எளிய வழி வேறில்லை. ஆண்டின் 52 வாரங்களுக்கும் தனித்தனியாகக் கணிக்கப்படும் பரவல் வரைபடங்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. அவற்றின் நிறம் காட்டுவது உண்மையில் எண்ணப்பட்ட பறவைகளையன்று. திறமையான ஒருவர் தக்க நேரத்தில் நடந்து பார்த்தால் எத்தனை பறவைகளைக் காணக்கூடும் என்னும் கணிப்பை. இதை மறந்துவிட்டு வரைபடத்தைப் படிப்பவர்கள் ஏராளம்.

என் முக்கியமான தயக்கம் எண்ணிக்கையைப் பற்றியது. ஒரு சேற்றுப் படுகையில் 10 நாள்களும் நாளுக்கு 500 உள்ளான்கள் எண்ணப்பட்டதாகக் கொள்வோம். அதே 500 பறவைகள் 10 நாள்களும் தங்கியிருக்கலாம்; நாள்தோறும் பழையவை கிளம்பிப் புதிய 500 வந்து, மொத்தம் 5,000 பறவைகள் அந்தப் படுகையில் பசியாறியிருக்கலாம். இரண்டுக்கும் பட்டியல் ஒன்றே, வரைபடமும் ஒன்றே. ஒரு நீர்ப்பறவை இனத்தொகையின் 1 விழுக்காட்டை முறையாகத் தாங்கும் ஈரநிலம் உலக முக்கியத்துவம் உடையது என்று, ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சாரின் அளவுகோல் சொல்கிறது. பறவைகள் விரைவாக மாறிக்கொண்டே இருக்கும் இடத்தை அன்றாட எண்ணிக்கையால் மட்டும் அளந்தால், அந்தத் தகுதி கண்ணில் படாமலே போகக்கூடும்.

அலையேற்றம் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. நீர் ஏறும்போது கரைப்பறவைகள் மேட்டில் நெருங்கி நின்று உறங்குவதால், எண்ணுவதற்கு வசதியான அந்த மேட்டில்தான் பெரிய எண்கள் பதிவாகின்றன. அவை தின்னும் சேறு சில கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். மழையில் சிக்கி வேறு வழியின்றி இறங்கிய கூட்டமும் பட்டியலில் வளமான இடம் போலவே தோற்றமளிக்கும்.

தங்கும் நாள்களை அறிய, பறவையின் உடலில் பொருத்தும் கருவிகளின் தரவே வேண்டும். 2007இல் 'இ-7' என்று குறியிடப்பட்ட ஒரு பட்டைவால் மூக்கன் நியூசிலாந்திலிருந்து 10,000 கி.மீ.க்கு மேல் பறந்து, மஞ்சள் கடலின் யாலு ஆற்று முகத்தில் இறங்கி, ஏறத்தாழ 5 வாரம் தங்கித் தின்ற பிறகே அலாஸ்காவுக்குப் புறப்பட்டது. திரும்பும்போதோ 11,000 கி.மீ.க்கு மேல் எங்கும் இறங்காமல் பறந்தது. எத்தனை ஆயிரம் பட்டியல்களைச் சேர்த்தாலும் இந்த 5 வாரம் கிடைக்காது. அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் குதிரைலாட நண்டின் முட்டைகளைத் தின்று சுமார் இரண்டு வாரங்களில் ஏறக்குறைய இரு மடங்கு எடை கூடும் ரெட் நாட் உள்ளானைப் பற்றி நாம் அறிந்திருப்பதும், பறவையைப் பிடித்து எடை போட்டவர்களின் உழைப்பால்தான். விலங்குகளின் நடமாட்டத் தரவைத் திரட்டி வைக்கும், மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தோடு இணைந்த மூவ்பேங்க், பறவைகளில் பொருத்திய சிறு வானொலிக் கருவிகளைப் பின்தொடரும், பேர்ட்ஸ் கனடா நடத்தும் மோட்டஸ் ஆகியவற்றையும் அருகே திறந்து வைத்துக்கொண்டு படிப்பதே முறை.

ஆயினும் இ-பேர்டைக் கைவிடச் சொல்ல மாட்டேன். அதன் குறிப்புப் பெட்டியைப் பெரும்பாலோர் வெறுமையாக விடுகிறார்கள் என்பதே என் ஆதங்கம். பறவைகள் தின்றனவா, உறங்கினவா, நீர் ஏறியிருந்ததா, வடிந்திருந்ததா, வயிறு ஒட்டியிருந்ததா, புடைத்திருந்ததா, கால் வளையத்தில் என்ன எழுத்து இருந்தது என்று இரண்டு வரி எழுதினாலே அந்தப் பட்டியல் இடைத்தங்கல் ஆய்வுக்குப் பயன்படும். எண்ணுக்குப் பதிலாக வெறும் பெருக்கல் குறி இடுவதையும், நாள் முழுவதும் சுற்றிய பல இடங்களை ஒரே பட்டியலில் அடைப்பதையும் தவிர்க்கலாம். வாரம் இருமுறை, ஒரே இடத்தில், ஒரே அலை நிலையில் எண்ணிப் பதிவு செய்ய முடிந்தவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.