ஓஎம்ஆர் ஹோமா, தாம்பரம் தாண்டி ஒரு வீடா, இல்ல வீட்டோட ஆளா: அப்பாவுக்காக மூணையும் பாத்த கதை

எங்க அப்பா ஐசிஎஃப்ல, அதான் பெரம்பூர் ரயில் பெட்டி ஃபேக்டரில, முப்பத்தி நாலு வருஷம் வேலை பாத்தவர். பெரம்பூர்காரங்களுக்குத் தெரியும், அப்பல்லாம் ஃபேக்டரி சங்கு ஊதுறத வச்சுத்தான் வீட்டுல கடிகாரத்தையே சரி பண்ணுவாங்க. இப்ப அவருக்கு 79, அல்சைமர்னு சொல்லி நாலு வருஷம் ஆச்சு. பகல்ல ஓரளவு நல்லாத்தான் இருப்பார், சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா "சங்கு ஊதிருச்சாடா, கேட்ட சாத்திருவான்டா"ன்னு சட்டைய மாட்டிகிட்டு வாசலுக்கு வந்துருவார். டாக்டருங்க இத சன்டவுனிங்னு சொல்றாங்க, பொழுது சாயற நேரத்துல குழப்பமும் பதட்டமும் கூடிப்போறது.

எல்லாரும் ஹோம் பாக்க காலைல பதினோரு மணிக்குப் போறாங்க, நானும் மொதல்ல அப்படித்தான் போனேன். அந்த நேரத்துல எந்த ஹோமும் அழகாத்தான் இருக்கும், குளிப்பாட்டி பவுடர் போட்டு வரிசையா உக்கார வச்சிருப்பாங்க. அப்புறம்தான் புத்தி வந்து, ரெண்டாவது தடவை சாயங்காலம் நாலே முக்காலுக்கு அப்பாவையும் கூட்டிகிட்டே போனேன். இத எழுதுறதுக்குக் காரணமே அந்த ரெண்டாவது தடவைதான்.

மூணு ஆப்ஷன் இருந்துச்சு. ஒண்ணு, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் பெரிய கட்டடம், லிஃப்ட், ஏசி, ஒரு ஃப்ளோர் முழுக்க டிமென்ஷியாக்குன்னே, அதாவது அல்சைமர் மாதிரி ஞாபகம் போற வியாதிங்களுக்கு. ரெண்டாவது, தாம்பரம் தாண்டி ஒரு பழைய பங்களாவ வாடகைக்கு எடுத்து நடத்துறாங்க, மொத்தமே பதினாலு பேர். மூணாவது, ஏற்கனவே எட்டு மாசம் ஓட்டிப் பாத்தது, ஏஜென்சி மூலமா வீட்டுலயே 24 மணி நேர ஆள். பேரெல்லாம் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், உங்க ஏரியால இருக்கறதுல எது எந்த ரகம்னு போய் நின்னா உங்களுக்கே தெரிஞ்சிரும்.

வீட்டு ஆள் கதைய மொதல்ல முடிச்சிர்றேன். கேக்க இதுதான் நல்லாருக்கு, அவரோட கட்டில், அவரோட வாசல், அவரோட காபி டம்ளர். ஆனா எட்டு மாசத்துல நாலு பசங்க மாறினாங்க. அப்பாவுக்கு ஒரு முகம் பழகறதுக்கே மூணு வாரம் ஆகும், பழகின உடனே அந்தத் தம்பி ஊருக்குப் போயிருவான், ஏஜென்சில கேட்டா "ரிப்ளேஸ்மென்ட் அனுப்புறோம் சார்". இன்னொண்ணு, 24 மணி நேர ஆள்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க, எந்த மனுஷன் 24 மணி நேரம் முழிச்சிருப்பான், ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா எந்திரிச்சு கேட்ட ஆட்டும்போது அந்தப் பையன் அசந்து தூங்குறான், தப்பு சொல்லவும் முடியல, பகல் முழுக்க அவன்தான பாத்தான். கடைசில முழிச்சிருந்தது நானும் என் வீட்டுக்காரியும்தான். அவ்வளவு ஆகியும் சொல்றேன், ஆரம்ப ஸ்டேஜ்ல, வீட்டுல இன்னும் ரெண்டு பேர் இருந்து, ஷிஃப்டுக்கு ஒருத்தர்னு ரெண்டு ஆள் வைக்க முடிஞ்சா இத அடிச்சுக்க வேற வழி கிடையாது. எங்களால முடியல.

சரி, அஞ்சு மணிக்கு வருவோம். ஓஎம்ஆர்ல வரவேற்பு ஹால்ல உக்காந்திருந்தோம், அப்பா கரெக்டா ஆரம்பிச்சார், சங்கு ஊதிருச்சான்னு. பக்கத்துல இருந்த பொண்ணு களுக்குன்னு சிரிச்சிட்டா. நம்மூர்ல சங்கு ஊதுறதுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும், அவள சொல்லிக் குத்தமில்ல. அப்புறம் சூபர்வைசர் வந்து "அங்கிள், நீங்க ரிட்டையர் ஆகி இருபது வருஷம் ஆச்சு, இது உங்க புது வீடு, உக்காருங்க"ன்னு விளக்கிச் சொன்னார். அவ்வளவுதான், அப்பா எந்திரிச்சு என் கையத் தட்டி விட்டுட்டு லிஃப்ட்டப் பாத்து நடக்க ஆரம்பிச்சிட்டார், காருக்குக் கொண்டு வர்றதுக்குள்ள உயிர் போயிருச்சு.

தாம்பரத்துல அதே கேள்விக்கு அங்க இருந்த அக்கா ஒருத்தங்க "எந்த ஃபேக்டரிப்பா?"ன்னு கேட்டாங்க. ஐசிஎஃப். "ஓ, எந்த ஷாப்பு?" ஃபர்னிஷிங். "இன்னும் ஊதல, டைம் இருக்கு, வாங்க ஒரு காபி குடிச்சிட்டு சேந்து நடக்கலாம்." தோட்டத்துல ரெண்டு சுத்து சுத்தினாங்க, மூணாவது சுத்துல அப்பா செம்பருத்திச் செடியப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டார். அந்த அக்கா எந்தக் காலேஜ்லயும் படிச்சு வந்தவங்க இல்ல, அங்க நடத்துறவங்க சொல்லிக் குடுத்திருக்காங்க, எதுத்து வாதம் பண்ணாத, அவர் எங்க இருக்காரோ அங்க போய் நில்லு, அப்புறம் மெல்ல வேற பக்கம் திருப்பு. எங்களுக்கு அங்கயே பாதி முடிவாயிருச்சு.

பாதிதான். ஏன்னா அன்பா பேசுறது மட்டும் போதாது, மாத்திரை விஷயத்த கேக்கணும். ஓஎம்ஆர்ல நர்ஸ் ரொம்ப சாதாரணமா சொன்னாங்க, "நைட்டு தூங்கறதுக்கு ஒரு மாத்திரை குடுத்துருவோம் சார், பிரச்சனையே இருக்காது". நான் மொத தடவை போனப்ப மத்தியானம் மூணு மணி வரைக்கும் அங்கதான் இருந்தேன், ஹால்ல ஏழெட்டுப் பேர் சேர்லயே தலை தொங்கித் தூங்கிட்டிருந்தாங்க, எல்லாருக்கும் ஒரே நேரத்துல அப்படி ஒரு தூக்கம் வருமான்னு எனக்கு அப்பவே உறுத்திச்சு. குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் மாதிரி மனநோய்க்கான, ஆளை அமைதியாக்கற மாத்திரைங்கள டிமென்ஷியா இருக்கற வயசானவங்களுக்குக் குடுத்தா சாவு ரிஸ்க் கூடுதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2005லயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை குடுத்துச்சு, 2008ல ஹாலோபெரிடால் மாதிரி பழைய ரக மாத்திரைகளையும் அதுல சேத்துட்டாங்க. பக்கவாதம், கீழ விழறது எல்லாம் வரலாம். அதுக்காகத் தொடவே கூடாதுன்னு இல்ல, அடி உதை, பயங்கர பயம்னு வேற வழியே இல்லாதப்போ டாக்டர் கொஞ்ச டோஸ்ல குடுத்து, சில வாரத்துல திரும்பப் பாத்து குறைக்கணும். அதனால கேக்க வேண்டியது யாரு எழுதுறா, எதுக்காக, எப்ப நிறுத்துவீங்கன்னு. இதுக்கு நேரடியா பதில் வரலேன்னா எந்திரிச்சு வந்துருங்க.

தாம்பரத்துல ஒரு கோடு போட்ட நோட்டு காட்டினாங்க. யாராவது திடீர்னு கத்துனா, முரண்டு பிடிச்சா, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எழுதுறாங்க, மலம் போயி எத்தனை நாள், ஒண்ணுக்கு போகும்போது எரிச்சலா, பல்வலியா, யாராவது வந்துட்டுப் போனாங்களான்னு. இது எனக்கு நல்லா புரிஞ்சதுக்குக் காரணம் இருக்கு. போன வருஷம் அப்பா ரெண்டே நாள்ல தலைகீழா ஆயிட்டார், சுவத்துல ஆள் நிக்குதுன்னார், வியாதி முத்திருச்சுன்னு நாங்க அழுதுகிட்டிருந்தோம், கடைசில பாத்தா யூரின் இன்ஃபெக்ஷன், ஆன்டிபயாட்டிக் குடுத்து ஒரு வாரத்துல பழைய நிலைக்கு வந்துட்டார். அல்சைமர் அப்படி ரெண்டு நாள்ல எகிறாது. திடீர்னு மாறினா உடம்புல வேற ஏதோ நடக்குதுன்னு அர்த்தம், அதக் கண்டுபிடிக்கற இடம்தான் நல்ல இடம்.

பாஷை. இத யாரும் சொல்றதே இல்ல. ஓஎம்ஆர்ல கூட இருந்து பாத்துக்கறவங்க நிறைய பேர் ஒடிசா, அசாம் பசங்க. நல்ல பசங்க, தங்கமான கை, பன்னெண்டு மணி நேர டூட்டி. ஆனா எங்க அப்பா "வயித்த என்னமோ பண்ணுது"ன்னு சொன்னா அந்தப் பையனுக்கு என்ன புரியும்? வியாதி முத்த முத்த நிறைய பேருக்கு அப்புறமா கத்துகிட்ட பாஷைங்க மொதல்ல நழுவும், கடைசி வரைக்கும் நிக்கறது தாய்மொழி. எதிர் ஃப்ளாட்டு பாட்டி அறுபது வருஷம் சென்னைல தமிழ்ல பேசினவங்க, கடைசி ஒரு வருஷம் சுத்தமா தெலுங்குதான். அதனால உங்க வீட்டுல என்ன பாஷையோ அந்தப் பாஷை தெரிஞ்சவங்க, ராத்திரி ஷிஃப்ட்லயும் இருக்காங்களான்னு கேளுங்க. தாம்பரத்துல எல்லாரும் முடிச்சூர், மணிமங்கலம் பக்கத்து அக்காங்க, அண்ணன்க.

சாப்பாட்டுல ஓஎம்ஆர்ல டயட்டீஷியன் சார்ட் எல்லாம் பக்காவா இருந்துச்சு, ஆனா ஸ்பூன் குடுத்தாங்க. அப்பாவுக்கு ஸ்பூன் எதுக்குன்னு மறந்து போச்சு, கைக்கு மறக்கல, ரசம் சாதத்தப் பிசைஞ்சு தட்டுல வச்சா தானா சாப்பிடுவார். தாம்பரத்துல இத நான் சொல்லவே வேண்டியிருக்கல. ஆனா மாசா மாசம் எடை போட்ட கணக்கக் கேட்டேன், ஓஎம்ஆர்ல கம்ப்யூட்டர்ல கிராஃபோட காட்டினாங்க, தாம்பரத்து நோட்டுல ரெண்டு மாசம் காலி. "மிஷின் ரிப்பேர் சார்"னாங்க. எடை குறையறது சரியா சாப்பிட முடியல, விழுங்கக் கஷ்டப்படறாங்கங்கறதுக்கு ஒரு அறிகுறியா இருக்கலாம், இது எனக்குப் பிடிக்கல, சொல்லிட்டும் வந்தேன். அப்புறம் ரெண்டு இடத்துலயும் "சாப்பிட முடியாம போனா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டேன், ஓஎம்ஆர்ல டியூப்னு டக்குன்னு வந்துச்சு பதில். முத்தின டிமென்ஷியால மூக்கு வழியா டியூப் போட்டா ஆயுசு கூடறதாவோ நுரையீரலுக்குள்ள சாப்பாடு போறது நிக்கறதாவோ நிரூபணம் இல்ல, நிமிந்து உக்கார வச்சு நிதானமா கையால ஊட்டறதுதான் நல்லதுன்னு முதியோர் மருத்துவ சங்கங்களே சொல்லுது. டியூப் யாருக்கு சௌகரியம்னு யோசிங்க.

கட்டிப்போடறது பத்தியும் கேட்டேன். ஓஎம்ஆர்ல முன்னாடி ட்ரே வச்ச சேர், அத லாக் பண்ணிட்டா எந்திரிக்க முடியாது, "சேஃப்டிக்கு சார்". 2017 மனநல பராமரிப்புச் சட்டத்துல மனநோய்ங்கறதுக்குக் குடுத்த விளக்கத்துலயே ஞாபகக் கோளாறும் வருது, அதே சட்டம் தனியா அடைச்சு வைக்கறத தடை பண்ணுது, கட்டறதுன்னா உடனடி ஆபத்துக்கு வேற வழியே இல்லாதப்ப மட்டும்னு சொல்லுது. நான் சட்டம் பேசினதும் அவங்க முகம் மாறிருச்சு, அது வேற.

எனக்குப் பிடிச்ச கேள்வி ஒண்ணு இருக்கு, "போன ஒரு வருஷத்துல இங்க யாராவது விழுந்தாங்களா?" ஓஎம்ஆர்ல "நோ சார், சீரோ". ஒரு ஃப்ளோர்ல இருபத்தாறு பேர், எல்லாரும் தள்ளாடுறவங்க, ஒருத்தர் கூட விழலையாம். தாம்பரத்தம்மா யோசிச்சு "மூணு பேர் விழுந்தாங்க, ஒருத்தருக்கு இடுப்பு எலும்பு போயிருச்சு, அதுக்கப்புறம்தான் பாத்ரூம் லைட்ட ராத்திரி அணைக்கறதில்ல"ன்னாங்க. நான் அவங்களத்தான் நம்பினேன்.

கட்டடம்னு பாத்தா வேடிக்கை. ஓஎம்ஆர்ல தரை கண்ணாடி மாதிரி மின்னுது, அப்பா அத தண்ணின்னு நினைச்சு வேட்டியத் தூக்கிகிட்டு நடந்தார். லிஃப்ட் வாசல்ல கறுப்பு மேட், அத பள்ளம்னு நினைச்சுத் தாண்டப் பாத்தார். தாம்பரத்துல பழைய செவப்பு சிமெண்டுத் தரை, சோபையே இல்ல, ஆனா தைரியமா நடந்தார். ஆனா அங்க பாத்ரூமுக்குப் போற வழில நாலு இன்ச் படி ஒண்ணு, அத பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிச்சு.

ஓஎம்ஆருக்கும் நியாயமா சொல்லணும்ல. ஆக்சிஜன், ஆம்புலன்ஸ், ராத்திரியும் டூட்டி டாக்டர், படுத்த படுக்கைல இருக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டு கையெழுத்துப் போட்ட சார்ட், நானே பாத்தேன், படுக்கைப்புண் ஒருத்தருக்கும் இல்ல. தாம்பரத்துல டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள்தான். அப்பா நடக்க முடியாம படுத்துட்டார்னா என் முடிவு மாறலாம்.

காசு: ஓஎம்ஆர் மாசம் அறுபத்தஞ்சாயிரம், டயப்பர் பிசியோ தனி, மூணு மாச டெபாசிட். தாம்பரம் முப்பத்தெட்டு, டயப்பர் நாமளே வாங்கிக் குடுக்கலாம். வீட்டு ஆள் முப்பதாயிரம் கிட்ட வந்துச்சு, அவங்க சாப்பாடும் நம்ம தூக்கமும் தனி. ஹெல்த் இன்சூரன்ஸ் பொதுவா இந்த மாதிரி தங்கறதுக்குக் குடுக்காது. அக்ரிமென்ட்ட முழுசாப் படிங்க, ஓஎம்ஆர்ல "நடத்தைப் பிரச்சனை இருந்தா 48 மணி நேரத்துல கூட்டிட்டுப் போகணும்"னு ஒரு வரி இருந்துச்சு. டிமென்ஷியா ஹோம்ல நடத்தைப் பிரச்சனை வராம பின்ன பூஜையா நடக்கும்?

சேலத்துல இருக்கற எங்க அக்கா "காசப் பாக்காதடா, கூகுள்ல நாலரை ஸ்டாரு இருக்கு, பெரிய இடத்துலயே போடு"ன்னா. இங்கிலாந்துல சிக்யூசின்னு அரசாங்க அமைப்பே ஹோமுக்குள்ள போய் சோதிச்சு ரேட்டிங் போடுது, அமெரிக்கால நர்சிங் ஹோம்களுக்கு 2008லேந்து அஞ்சு ஸ்டார் கணக்கு இருக்கு, வேலை பாக்கற ஆள் எண்ணிக்கை உட்பட. நம்ம கூகுள் ஸ்டார் சேத்துவிட்டு மூணு நாள்ல புள்ளைங்க போடறது. இங்க 1997 தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துல பதிவு இருந்தா அது நடத்தறதுக்கு அனுமதி, தரத்துக்கு சர்டிபிகேட் இல்ல. இந்தியால முதியவங்களுக்கு வர்ற டிமென்ஷியா பத்தின லாசி-டாட் ஆய்வு 2023ல சொன்ன கணக்குப்படி நம்ம நாட்டுல அறுபது வயசுக்கு மேல 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. இவ்வளவு வீட்டுக்கும் வழி கேக்க ஒரு இடம் வேணும்ல, எதுவும் புரியலேன்னா முதியோர் ஹெல்ப்லைன் 14567க்குப் போட்டுப் பாருங்க, சென்னைல ஸ்கார்ஃப்ங்கற மனநல அமைப்புலயும் டிமென்ஷியாவுக்குன்னு தனியா பாக்கறாங்க.

அப்பா இப்ப தாம்பரத்துல அஞ்சாவது வாரம். நான் சொல்லாம கொள்ளாம வேற வேற நேரத்துக்குப் போறேன், ஒரு தடவை காலைல ஆறு மணிக்குப் போய் நின்னேன், கோவிச்சுக்கல. எடை மிஷின் வந்துருச்சு, ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கார், அத கவனிச்சுகிட்டிருக்கோம். போன செவ்வாக்கிழமை அஞ்சு மணிக்குப் போனா, அந்த அக்கா ஒரு நோட்டு வாங்கி அட்டெண்டன்ஸ்னு எழுதி வச்சிருக்காங்க, அப்பா அதுல கையெழுத்துப் போட்டுட்டு "ஆச்சு, பஞ்ச் பண்ணிட்டேன்"னு சொல்லி உக்காந்துட்டார். அந்தப் படிக்குத்தான் இன்னும் ஒண்ணும் பண்ணல, சரிவு போட நானே கொத்தனார்கிட்ட சொல்லிருக்கேன், ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கான்.