கல்லான மீன் எலும்புக்கு ‘கார்பன் டேட்டிங்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய கல், புதைபடிவம் சேர்த்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். “என்ன எலும்புன்னு பார்த்து சர்டிபிகேட்டோட தர்றேன்” என்று வீடு தேடி வரும் ஒருவரிடம் எங்கள் குடும்பச் சேகரிப்பு பாழாகிப்போனது.

என் பெரியப்பா அரியலூர் பக்கம் வேலை பார்த்தவர். காரை என்ற ஊரின் ஓடைகளில் பொறுக்கிய, கல்லாகிப்போன முதுகெலும்புத் துண்டுகள் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் இருந்தன. பழைய ஒரு ரூபாய் அளவு வட்டம், இரண்டு பக்கமும் குழிந்து, வளையத்துக்குள் வளையம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னக் காகிதம் ஒட்டி, எந்த ஓடை, எந்தக் கரை என்று மையில் எழுதியிருப்பார். மீன் எலும்பு என்றுதான் அவர் சொல்வார். எந்த மீன் என்பதுதான் கேள்வி.

அந்த ஆள் 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு துண்டுகளை எடுத்துப் போனார். அடுத்த வாரமே போன்: “அண்ணா, வயசு தெரியணும்னா கார்பன் டேட்டிங் போடணும், இன்னும் 18,000 ஆகும்.” இது அப்பட்டமான மோசடி. அந்தச் சோதனை சுமார் 50,000 ஆண்டுகளுக்குள் உள்ளதற்குத்தான் பயன்படும். காரையின் களிமண் படிவமோ ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழசு. முடியாது என்று சொல்லி, பொருளைத் திருப்பிக் கேட்டேன்.

பஸ் பார்சலில் வந்தது. எல்லாத் துண்டிலும் பளபளவென்று வார்னிஷ். காகிதங்களைச் சுரண்டி எடுத்திருந்தார். இருந்ததிலேயே நல்ல துண்டைக் காணோம். கூடவே ஒரு சர்டிபிகேட்: ‘டைனோசர் வால் எலும்பு, கிடைத்த இடம் கிருஷ்ணகிரி மாவட்டம்’. நம் மாவட்டத்துப் பாறையில் பெரும்பகுதி 250 கோடி ஆண்டுப் பழமையானது. எலும்புள்ள உயிர் எதுவும் தோன்றாத காலம் அது.

சேலத்தில் ஜியாலஜி பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். பைசா வாங்கவில்லை, லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்தார். சுறாவாக இருக்கலாம், ஆனால் இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவின் எச்சமும் காரைக் களிமண் படிவத்தில் கிடைத்திருக்கிறது, அதன் முதுகெலும்பும் இரு பக்கமும் குழிந்த வட்டம்தான் என்றார். மேற்பரப்பின் நுண் துளைகளையும் கிடைத்த இடத்தையும் வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியுமாம். துளைகளை வார்னிஷ் அடைத்துவிட்டது. பெரியப்பா கைப்பட எழுதி வைத்த இடக்குறிப்பை இனி யாரிடம் போய்க் கேட்பது? பணம் போனதைவிட இதுதான் வயிறெரிகிறது.

அடையாளம் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, இரு பக்கமும் ஓரமும் தெளிவாகப் படம் எடுத்து, ஜியாலஜி துறை உள்ள கல்லூரிக்கு முதலில் படத்தை மட்டும் அனுப்புங்கள். இடக்குறிப்பைத் தனி நோட்டிலும் எழுதி வையுங்கள். எதையும் பூச விடாதீர்கள். இதே ஆள் இப்போது தருமபுரி பக்கம் வேறு பெயரில் வருவதாகக் கேள்வி. ஜிபேயில் பணம் போட்டு ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன்.