ஸ்காபரோவில் பகிர்வுச் சைக்கிள்: இத்தனை வருடம் ஓடியதில் கண்டது

ரொறன்ரோவின் பகிர்வுச் சைக்கிள், அதாவது ஒரு தரிப்பிடத்தில் எடுத்து ஓடி இன்னொரு தரிப்பிடத்தில் பூட்டிவிட்டுப் போகிற வாடகைச் சைக்கிள், எனக்குப் புதிதில்லை. 2011-இல் பிக்ஸி என்ற பெயரில், நகர நடுவில் மட்டும் 80 தரிப்பிடம், 1,000 சைக்கிள் என்று தொடங்கியபோதே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து ஓடியிருக்கிறேன். ஆனால் வேலைத்தலத்தோடு அது முடிந்துவிடும், நகரின் கிழக்கே நான் இருக்கிற ஸ்காபரோவில் தரிப்பிடம் இல்லை. 2020-இல் 625 தரிப்பிடம், 6,850 சைக்கிள் என்று பெருத்தபோதுதான் எங்கள் சப்வே நிலையத்துக்குக் கிட்ட ஒன்றும், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒன்றும் வந்தன. அன்றிலிருந்து ஆண்டுச் சந்தாவை விட்டதில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து சப்வேக்கு இரண்டரைக் கிலோமீற்றர், சைக்கிளில் பத்து நிமிடம். பஸ் என்றால் அது வருகிற நேரம்தான் கணக்கு. 2023 ஜூலையில் ஸ்காபரோ ரயில் தடம்புரண்டு அந்தப் பாதையையே ஒரேயடியாக மூடிய பிறகு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகாமல் என்னைக் காப்பாற்றியது இந்தச் சைக்கிள்தான். கனம் ஏறக்குறைய 20 கிலோ, ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனால் குளிர்காலத்திலும் எடுக்கலாம். சீற் துடைக்க ஒரு பழந்துணி மட்டும் பையில் வைத்திருங்கள்.

அப்புறம் ஒரு நவம்பர் மாலை. மழை, முன்தட்டில் மரக்கறிப் பை. வீட்டுக்குக் கிட்டத் தரிப்பிடத்துக்கு வந்தால் ஒரு பூட்டும் காலியில்லை. முன்சில்லைப் பூட்டுக்குள் தள்ளி, பச்சை வெளிச்சம் வந்தால்தான் கணக்கு முடியும், சும்மா சாத்தி வைத்துவிட்டுப் போக முடியாது. டவுன்ரவுனில் என்றால் அடுத்த தெருவுக்குப் போயிருப்பேன். இங்கே அடுத்தது இரண்டு கிலோமீற்றர். போய் விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் நடந்து வந்தேன்.

இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. தரிப்பிடங்கள் 300 மீற்றருக்கு ஒன்று, அதாவது ஐந்து நிமிட நடையில் இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்க நகரத் திட்டக்காரர்கள் வைத்திருக்கும் அளவு. அந்த நெருக்கம் இருந்தால்தான் ஒன்று நிரம்பினாலும் மற்றது கைகொடுக்கும். ஸ்காபரோவிலோ எக்ளின்டன், லோறன்ஸ், எல்ஸ்மியர் என்று பெருந்தெருக்களே ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்று, நடுவில் சுற்றிச் சுற்றி வளைகிற குறுந்தெருக்களும் முட்டுச்சந்துகளும். பெருந்தெருவில் மட்டும் ஒரு தரிப்பிடம் வைத்தால் உள்ளே இருக்கிற சனத்துக்கு அது இல்லாதது மாதிரித்தான். வரைபடத்தில் நகரின் 25 வட்டாரத்திலும் தரிப்பிடப் புள்ளி விழுவது நல்ல செய்தி, ஆனால் தூரத் தூர விழுந்த பத்துப் புள்ளியைவிட ஒரு சப்வே நிலையத்தைச் சுற்றி நெருக்கமாக வைத்த பத்துத்தான் எனக்கு வேண்டும்.

நேரக் கணக்கும் நகர நடுவுக்கே பொருந்தும். அடிப்படைச் சந்தாவில் ஒரு ஓட்டத்துக்கு 30 நிமிடம். ஸ்காபரோவின் மேற்கு எல்லையில் இருக்கிற விக்டோரியா பார்க் தெருவிலிருந்து கிழக்கே மார்க்கம் ரோட் வரை ஏழு கிலோமீற்றருக்கு மேல், சிக்னல்களில் நின்று போனால் அரை மணி தாண்டிவிடும். நான் 45 நிமிடச் சந்தாவுக்கு மாறிவிட்டேன், புறநகரில் இருப்பவர்கள் முதலிலேயே அதை எடுங்கள். மின்சைக்கிளுக்குச் சந்தா இருந்தாலும் நிமிடத்துக்குத் தனிக்காசு, அதனால் தினமும் கட்டுப்படியாகாது.

போன கோடையில் தரிப்பிடத்தில் ஒரு ஐயா வந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தார். அரியாலையிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு வருடக்கணக்காகச் சைக்கிளில் வேலைக்குப் போனவராம். "தம்பி, இதை எடுத்தா எங்க கொண்டுபோய் விடோணும்?" என்றார். அவருக்குப் போக வேண்டியது நூலகத்துக்கும் மருந்துக்கடைக்கும். போனில் வரைபடத்தைப் பெருப்பித்துக் காட்டினேன், இரண்டுக்கும் பக்கத்தில் ஒன்றுமில்லை. "அப்ப நான் நடந்தே போறன்" என்று சீற்றைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நூலக வாசலில் ஒன்று, அதற்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒன்று. அடுத்த தரிப்பிடங்கள் எங்கே என்று கருத்துக் கேட்கும்போதெல்லாம் இந்த இரண்டு இடத்தையும் எழுதிப் போடுகிறேன்.