பூட்டு நல்ல பூட்டுதான், 2ஜிதான் போகும்: ஐபோன் லாக்டவுன் மோடு

விலை: இலவசம். 2022 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 16 முதல் ஐபோனிலேயே இருக்கிறது. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழே போனால் லாக்டவுன் மோடு. ஆன் செய்தால் போன் அணைந்து எழும், அவ்வளவுதான் வேலை. பெகாசஸ் போல அரசுகளுக்கு மட்டும் விற்கப்படும் உளவு மென்பொருளைத் தடுக்க ஆப்பிள் கொடுத்த பூட்டு இது. ஊரில் எல்லாருக்கும் வேண்டியதில்லை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் படகு பிடிபட்ட இரவில் தலைமன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் மாறி மாறிப் பேசுகிற சங்கப் பொறுப்பாளர், வக்கீல், நிருபர் ஆகியோருக்குத்தான். இறால் விலை கேட்க மட்டும் போன் வைத்திருப்பவர் தாராளமாக விட்டுவிடலாம்.

இந்த ஆயுதங்கள் லிங்க்கைத் தட்டச் சொல்லிக் கெஞ்சிய காலம் போய்விட்டது. 2023 செப்டம்பரில் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வகமான சிட்டிசன் லேப் கண்டுபிடித்த பிளாஸ்ட்பாஸ் தாக்குதலில், ஆப்பிளின் மெசேஜ் சேவையான ஐமெசேஜில் வந்த பாஸ்கிட் (டிக்கெட், பாஸ் வகை) இணைப்புக்குள் ஒரு கள்ளப் படம் இருந்தது. போன்காரர் எதையும் தொடவே தேவையில்லை. வந்த படத்தைப் போன் தானே பிரித்துப் பார்க்கும்போது கதவு திறந்துவிடும். ஐஓஎஸ் 16.6.1 அந்த ஓட்டையை அடைத்தது. லாக்டவுன் மோடு ஆன் ஆகியிருந்த போனில் அந்தத் தாக்குதல் எடுபடாது என்று ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவே உறுதி செய்தது. காரணம் எளிது: சாதாரணப் படம், வீடியோ, ஆடியோ தவிர ஐமெசேஜில் வரும் பெரும்பாலான இணைப்புகளை இது பிரிக்கவே பிரிக்காது. பிரிக்காத பார்சலில் என்ன இருந்தால் என்ன?

இனி அது கெடுக்கும் காரியங்கள். ஐஓஎஸ் 17 முதல் 2ஜி அணைந்துவிடும். ஜியோவில் 2ஜியே கிடையாது, அதனால் வித்தியாசம் தெரியாது. பிஎஸ்என்எல், ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) வைத்திருப்பவர்களுக்கு, தனுஷ்கோடிப் பக்கமோ கரையை விட்டுச் சற்று உள்ளே போனாலோ, 2ஜி மட்டும் எட்டுகிற இடத்தில் போன் ஊமையாகிவிடும். அவசர அழைப்பு போகும், மற்றதெல்லாம் போகாது. கடலுக்குப் போகும் போனில் இதை ஆன் செய்யாதீர்கள். கரையில் இருந்து பேசுகிற போனில் செய்யுங்கள்.

ஃபேஸ்டைமில் கடந்த 30 நாளுக்குள் நீங்கள் கூப்பிட்டிராத ஆள் கூப்பிட்டால் மணியே அடிக்காது. மன்னாரிலிருந்து புது வக்கீல் ஒருவர் கூப்பிடுவார் என்றால் முதல் நாளே நீங்கள் ஒரு தடவை அடித்து வைத்துவிட வேண்டும். சாதாரண போன் கால் வழக்கம்போல வரும். சஃபாரியில் சில தளங்கள் மந்தமாகும், ஐகான் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் நிற்கும். காற்று ஓடுவதைக் காட்டும் கடல் வரைபடங்கள்தான் அதிகம் அடிவாங்கும். நம்பகமான தளத்துக்கு மட்டும் அட்ரஸ் பட்டையின் மெனுவில் விலக்கு கொடுக்கலாம். பகிரும் படத்திலிருந்து இருப்பிடத் தகவலும் நீக்கப்படும். தகவல் கொடுத்தவரைக் காப்பாற்ற இது நல்லது. ஆனால் அறுந்த வலையை எங்கே எடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டிய படத்துக்கு இது வினை. மூலப்படத்தைப் போனிலிருந்து அழிக்காமல் வைத்திருங்கள்.

பெரிய குறை வாட்ஸ்அப். அதில் வரும் ஃபைல்கள் மேல் இந்தப் பூட்டுக்கு அதிகாரம் இல்லை. நம் கரையில் கைதானவர் பட்டியல் முதல் படகு எண் வரை எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃப்பாகத்தான் வருகிறது. பாரகன் நிறுவனத்தின் உளவு மென்பொருளான கிராஃபைட்டும் அதே வழியில்தான் வந்தது: ஆளைக் குரூப்பில் சேர்ப்பது, பிடிஎஃப் அனுப்புவது. சுமார் 90 பேர் குறிவைக்கப்பட்டதாக 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் சொன்னது. ஆகவே வாட்ஸ்அப் பிரைவசியில் குரூப்ஸ் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள், தெரியாத எண்களின் அழைப்பை சைலன்ஸ் செய்யுங்கள், மீடியா ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். ஆப்பையும் ஐஓஎஸ்ஸையும் அப்டேட் வந்த அன்றே போடுங்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஐபோன் 8, எக்ஸ் இரண்டும் ஐஓஎஸ் 16ஓடு நின்றவை. பூட்டு போட்டும் சுவர் பழசு. ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு இதுபோன்ற பூட்டாக ஆண்ட்ராய்டு 16இல் அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன் உண்டு.

தினமும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நினைவகத்தில் மட்டும் குடியிருக்கும் உளவு நிரல் அதில் அழியும். அழியாததும் ஷட்டவுன் லாக் என்ற பதிவில் தடயம் விட வாய்ப்புண்டு. அணைய விடாமல் இழுத்த நிரலின் பெயர் அதில் பதியும். ஐஓஎஸ் 18 வரை அடிக்கடி ரீஸ்டார்ட் செய்த போனில்தான் அது பயன்பட்டது. ஐஓஎஸ் 26இல் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் பழைய பதிவை அழித்துவிடுகிறது.

பூட்டு சொல்லாத ஒன்று: யார் தட்டினார்கள் என்பது. 2023 அக்டோபரில் எதிர்க்கட்சி எம்பிக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் எச்சரிக்கை அனுப்பிய ஆப்பிள், எந்த நாட்டு அரசு என்று சொல்லவில்லை. அதற்கு முன்பே பெகாசஸ் புகாரை விசாரித்த உச்ச நீதிமன்றக் குழு 29 போன்களைச் சோதித்தது. 5இல் தீநிரல் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் இவ்வளவும் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. நாட்டுப் பாதுகாப்பைத் தொடும் அறிக்கையை வெளியிட முடியாது என்று 2025 ஏப்ரலில் நீதிமன்றம் கூறியது. 2021இல் பாதுகாப்பு அமைச்சகம் தன்னளவில் மறுத்ததைத் தவிர, பெகாசஸை வாங்கினோம் என்றோ இல்லை என்றோ அரசு வாய் திறக்கவில்லை. அதனால் சொந்தப் போனில் உள்ள தடயம் ஒன்றே கையில் மிஞ்சும் சாட்சி.

ஆப்பிள் அனுப்பும் உண்மையான எச்சரிக்கை ஆப்பிள் அக்கவுண்ட் பக்கத்தில் உள்நுழைந்தால் மேலேயே தெரியும். அது பாஸ்வேர்டு கேட்காது, லிங்க்கைத் தட்டச் சொல்லாது. வந்தவுடன் பெரும்பாலோர் செய்யும் தவறு, பயந்துபோய் ரீசெட் செய்வது. அதோடு சாட்சியும் போச்சு. இரண்டு வால்யூம் பட்டனையும் பக்கவாட்டுப் பட்டனையும் சேர்த்து ஒன்றரை நொடி அழுத்தி விடுங்கள். சுமார் பத்து நிமிடத்தில் அனலிட்டிக்ஸ் டேட்டாவுக்குள் சிஸ்டயக்னோஸ் என்று தொடங்கும் ஃபைல் வந்திருக்கும். அதை வெளியே எடுத்து வையுங்கள். பிறகு கணினியில் பாஸ்வேர்டு போட்ட பேக்கப் எடுங்கள். பாஸ்வேர்டு இல்லாத பேக்கப்பில் சஃபாரி வரலாறு போன்றவை வராது. உளவுத் தடயம் தேடும் ஆம்னஸ்டியின் இலவசக் கருவி எம்விடி இந்த பேக்கப்பைத்தான் அலசும். அது லினக்ஸ், மேக்கில் ஓடும். அதில் 'டிடெக்டட்' ஃபைல் எதுவும் வராவிட்டால் தெரிந்த தடயம் இல்லை என்று மட்டுமே பொருள், போன் சுத்தம் என்றல்ல. சிஸ்டயக்னோஸ் ஃபைல், பேக்கப் இரண்டையும் டிஜிட்டல் உரிமை அமைப்பான ஆக்சஸ் நவ்வின் உதவி மையத்துக்கு அனுப்பிப் பதில் வரும்வரை போனை எந்தக் கடைக்காரர் கையிலும் கொடுக்காதீர்கள்.