தடியடியா, தடை உத்தரவா?

பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் சென்னை அணியின் ஐபிஎல் ஆட்டம் என்றால் அல்சூர்த் தமிழர்கள் பலர் மஞ்சள் சட்டையோடு கிளம்பிவிடுவோம். கேலி இருக்கும், அது பரவாயில்லை. ஆட்டம் முடிந்தபின் நாலு பேர் சூழ்ந்துகொண்டு சட்டையைப் பிடித்து இழுப்பதுதான் பிரச்சினை.

நம்ம ஊர் வைத்தியம் லத்தி. அஞ்சு நிமிஷத்தில் தெரு காலி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடி விழுவது ஓட முடியாதவர் மேல்தான், பிள்ளையைத் தோளில் வைத்திருப்பவர், செருப்பு அறுந்து நிற்கும் பெரியவர். வம்பிழுத்தவன் அதற்குள் சந்தில் புகுந்து மறைந்து, அடுத்த ஆட்டத்துக்கும் ஜாலியாக வருவான். 1996 உலகக்கோப்பையில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் அரையிறுதியில் பாட்டில் வீசி ஆட்டத்தையே நிறுத்தினார்களே, வெற்றி இலங்கைக்குப் போனது, அத்தனை பேரில் யாரை அடிப்பது?

இங்கிலாந்துக் கால்பந்தில் ஆளைப் பிடிக்கிறார்கள். 1989இல் வந்த கால்பந்து ரசிகர் சட்டப்படி, ஆட்டம் பார்க்கப் போகக்கூடாது என்று நீதிமன்றமே தடை போடும், அதிகபட்சம் 10 ஆண்டு. வெளிநாட்டு ஆட்டம் வந்தால் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும். ரவுடிக்கு இதுதான் வலிக்கும். மெதுவான வழிதான், கேமரா வேண்டும், சாட்சி வேண்டும், பிளாக்கில் டிக்கெட் கைமாறும் ஊரில் எவன் எந்த சீட்டில் இருந்தான் என்றே தெரியாது. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

2025 ஜூன் 4 அன்று சின்னசாமி வாசலில் 11 பேர் இறந்ததை இதோடு சேர்க்காதீர்கள். அது நெரிசல், அதற்கு லத்தியும் உதவாது, தடையும் உதவாது, வாசலையும் கூட்டத்தின் அளவையும் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.