மதுரை வெயிலில் வேகக் காருக்கு எந்த பேட்டரி? சாதா, இஎஃப்பி, ஏஜிஎம் ஒப்பீடு

கடையில் முதலில் காட்டுவது சிசிஏ எண்ணைத்தான். "800 இருக்கு, டர்போ வண்டிக்கு இதுதான்" என்பார்கள். மைனஸ் 18 டிகிரி குளிரில் பேட்டரி எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதற்கான அளவு அது. மதுரையில் பேட்டரி சாவது வெயிலில். கார் நிறுவனம் கேட்ட அளவுக்குக் குறையாமல் இருந்தால் போதும், அதற்கு மேல் உள்ள எண்ணுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பழைய லேபிளில் டின் (ஜெர்மன் தரம்) அளவில் 400 என்று இருப்பதும் புதியதில் ஈஎன் (ஐரோப்பியத் தரம்) அளவில் 680 என்று இருப்பதும் ஏறத்தாழ ஒரே திறன்தான். ஏமாந்துவிடாதீர்கள்.

எங்கள் தேர்வு, பேட்டரி காரில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எஃப்30 பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் அது டிக்கியில், எஞ்சின் சூட்டுக்குத் தள்ளி இருக்கிறது. அங்கே ஏஜிஎம் (அமிலம் பாயில் ஊறிய, மூடிய வகை) தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஆக்டேவியா விஆர்எஸ் மாதிரி வண்டிகளில் போனட்டுக்கு அடியில், டர்போவின் வெக்கையிலேயே கிடக்கிறது. கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் ஊர்ந்தால் காற்றோட்டமும் இல்லை, சார்ஜும் முழுதாக ஏறாது. ஏஜிஎம்மில் அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறி மூடப்பட்டிருக்கும். சூட்டில் நீர் ஆவியாகி வெளியேறினால் திரும்ப ஊற்ற வழியில்லை. அதனால் ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் எஞ்சின் தானே அணைந்து எரியும் வசதி) இல்லாமல், சாதா பேட்டரியோடு வந்த காருக்கு நல்ல இஎஃப்பி (சாதா வகையையே வலுவாக்கியது) போதும். கம்பெனியிலிருந்தே ஏஜிஎம்மோடு வந்த காரில் மட்டும் இஎஃப்பிக்கோ சாதாவுக்கோ இறங்கக் கூடாது. அதன் சார்ஜிங் ஏஜிஎம்முக்காக அமைக்கப்பட்டது.

போனட் பேட்டரியைச் சுற்றி ஒரு துணி உறையோ பிளாஸ்டிக் கவசமோ இருக்கும். பழைய பேட்டரியோடு அதையும் கடாசிவிடும் வழக்கம் நிறைய கடைகளில் உண்டு. அந்தச் சூட்டுக் கவசத்தைக் கேட்டு வாங்கித் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

உடல் அளவு சரியாகப் பொருந்த வேண்டும். பேட்டரிப் பெட்டியின் அளவுக் குறியீடு எல்2 என்றால் நீளம் 242 மிமீ, எல்3 என்றால் 278 மிமீ. இரண்டுக்கும் அகலம் 175, உயரம் 190. உயரம் 175 மட்டுமே உள்ள குட்டை வகையும் உண்டு. அடியில் கிளாம்ப் பிடிக்கும் விளிம்பு, பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். வளைவில் ஆடும் பேட்டரி உள்ளே தட்டுகளை உதிர்க்கும், கொடைக்கானல் மலைப்பாதைக்கு அது ஆகாது. டிக்கி பேட்டரிக்கு வாயு வெளியேறும் குழாயைக் கட்டாயம் மாட்ட வேண்டும்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். தகரக் கூரை கோடவுனில் ஆறு மாதம் கிடந்ததை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மல்டிமீட்டரில் ஏஜிஎம் 12.8 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 12.5க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள்.

அடுத்து, கடையில் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேளுங்கள். பிஎம்டபிள்யூவில் புது பேட்டரியை ஸ்கேனர் மூலம் காரின் கணினியில் பதிவு செய்யாவிட்டால், பழசு இன்னும் இருப்பதாக நினைத்து கார் அதற்கேற்பவே சார்ஜ் செய்யும். ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் கொள்ளளவு, வகை, சீரியல் எண்ணை ஏற்ற வேண்டும். பத்து நிமிட வேலைதான், ஆனால் இது நடக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். டெர்மினல் நட்டுக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். ஈயம் மென்மையானது, இழுத்து முறுக்கினால் கம்பம் ஆடிவிடும். மாட்டியபின் ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் பதறாதீர்கள், கொஞ்ச தூரம் ஓட்டினால் அணைந்துவிடும்.

லித்தியம் பற்றியும் கேட்கிறார்கள். போர்ஷே 2009 இறுதியில் 911 ஜிடி3க்கு 6 கிலோவுக்கும் குறைவான லித்தியம் பேட்டரியை விருப்பத் தேர்வாக அறிவித்தது. ரேஸ் தடத்தில் 10 கிலோ மிச்சம் பெரிய விஷயம். தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுவதே மேல்.

இரண்டு வருடத்துக்குள் பேட்டரி போயிருந்தால் புதுசு வாங்குமுன் மின்கசிவைப் பார்த்துவிடுங்கள். பூட்டி அரைமணி நேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால், டாஷ்கேம், ஆம்ப்ளிஃபையர் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். வாரண்டி கார்டில் தேதியும் சீரியல் எண்ணும் கடை முத்திரையும் அங்கேயே போட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, கழித்த தொகையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.