சுங்கை சிப்புட்டில் கேம்பர் வேனை நம்பி விடக்கூடிய ஒரு பட்டறை

மலேசியாவில் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுனிலிருந்து லாசா போகிற சாலையில், கடைகள் முடிந்து செம்பனை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது இந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. தோட்டத்து லோரிகளுக்கும் டிராக்டர் டிரெய்லர்களுக்கும் பாடி கட்டிக்கொண்டிருந்தவர்கள், கோவிட்டுக்கு அப்புறம் கேம்பர் வேன்காரர்கள் (வண்டிக்குள்ளேயே தங்கிப் பயணம் போகிறவர்கள்) ஒவ்வொருவராக வர ஆரம்பித்ததும் அந்த வேலையையும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா, மகன், கூட இரண்டு பையன்கள், அவ்வளவுதான் ஆள். என் வண்டி நிசான் என்வி350 டீசல், பின்னால் கட்டில், சிங்க், கேசட் டாய்லெட் (கழிவுப் பெட்டியைக் கழற்றிக் கொட்டுகிற வகை), கூரையில் சோலார் எல்லாம் போட்டது, ஒருவர் வைத்திருந்து விற்றதை நான் வாங்கினேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கூரை, வயரிங், அடிப்பாகத் துரு, இந்த மூன்றுக்கும் பேராக்கில் நான் போய்ப் பார்த்த இடங்களில் இதுதான் சிறந்தது. கேஸ், ஏர்கோன், ஃபிரிட்ஜ் வேலைக்கு இங்கே வராதீர்கள், அவர்களே முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கூரையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். என்ஜினை எந்த ஊரில் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளலாம், ஆனால் நம் நாட்டு மழையில் கேம்பர் வேன் சாவது கூரை வழியாகத்தான், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது இல்லை, வீட்டு வாசலில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும்போது. சோலார் பலகைக்குப் போட்ட திருகு ஓட்டை, காற்றாடி வைத்த சதுரம், வயர் இறங்குகிற துளை, இப்படிக் கூரையில் எத்தனை இடத்தில் வெட்டியிருக்கிறதோ அத்தனை இடமும் ஒருநாள் ஒழுகும். உள்ளே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்துப் பசை பூசிக்கொண்டே போகிற பட்டறைகள் நிறைய. தண்ணீர் கூரைக்கும் உள் பலகைக்கும் நடுவே ஓடி, வளைவு எங்கே இறங்குகிறதோ அங்கே போய்த்தான் சொட்டும்.

இங்கே பெரியவர் செய்கிற முறையே வேறு. ஸ்க்ரூடிரைவரைத் தலைகீழாகப் பிடித்து அதன் பிடியால் உள்சுவரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல பலகை 'டக் டக்' என்று கேட்கும், நனைந்து ஊறிய பலகை மொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி, உள்வாங்கினால் சாக்கட்டியால் வட்டம் போடுவார். அப்புறம் மகன் வெளியே ரப்பர் குழாயைப் பிடிப்பார். மேலிருந்து ஊற்ற மாட்டார்கள். கீழே ஜன்னல் ஓரத்தில் தொடங்கி, கொஞ்சம் பொறுத்து, கொஞ்சம் மேலே, இன்னும் மேலே என்று ஏறுவார்கள். எடுத்த எடுப்பில் உச்சியில் ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது ஒழுகுகிறது என்று தெரியாமல் போய்விடும். கீழிருந்து வந்தால் எந்த உயரத்தில் உள்ளே ஈரம் வருகிறதோ அதுதான் குற்றவாளி. பெரியவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருப்பார். "தம்பி, அவசரப்படாதீங்க, தண்ணிக்கு வழி கண்டுபிடிக்க நேரம் வேணும்" என்று என்னிடம் சொன்னார், அன்றைக்குக் காலை முழுக்க அதற்கே போனது.

என் வண்டிக் கூரையில் முன்பு வேறொரு ஊர்ப் பட்டறையில் பூசியிருந்தது சாதாரணக் குளியலறை சிலிக்கான். பூசும்போது வினிகர் மாதிரிப் புளிப்பு வாடை அடிக்கிறதே, அந்த வகை. அது காய்கிறபோது வெளிவிடுகிற அமிலம் அலுமினியத்தையும் துத்தநாகம் பூசிய தகரத்தையும் அரிக்கும், அதோடு அந்த சிலிக்கானின் எச்சம் கொஞ்சம் இருந்தாலும் அதன்மேல் வேறெந்தப் பசையும் ஒட்டாது. இவர்கள் பிளாஸ்டிக் சுரண்டியால் அத்தனையையும் எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சோலார் கால்களுக்கு அடியில் பியூட்டில் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா), ஓரத்தில் பாலியூரிதேன் பசை என்று போட்டார்கள். கூலி 450 வெள்ளி (ரிங்கிட்), பசைக்குத் தனி. மலிவு இல்லை. ஆனால் அதற்கப்புறம் வந்த ஆண்டுக் கடைசி மழையில் உள்ளே ஒரு சொட்டு இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஏணி போட்டு ஏறி, பசையில் வெடிப்பு விட்டிருக்கிறதா, ஓரம் தூக்கியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அதற்கு எந்தப் பட்டறையும் வேண்டியதில்லை.

அடுத்தது வயரிங். மகன் இதில் கெட்டிக்காரர். என் வண்டியின் இன்வெர்ட்டருக்கு (பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற பெட்டி) போகிற வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெல்லியது, உடனே மாற்ற வேண்டும் என்றார். கணக்கு எளிது: 1,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டில் கெட்டில் போடும்போது 10 ஆம்பியர்கூட வராது, அதனால் வீட்டு வயரிங் பழக்கத்தில் செய்கிறவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதில் இவர் பிடிவாதமாக இருக்கிறார், அதுதான் சரி. ஃபியூஸ் தூரத்தில் இருந்தால் நடுவில் வயர் உரசி பாடியில் பட்டுவிட்டால் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை, வயரே நெருப்பாகிவிடும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை என்று அவர் சொல்வதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லித்தியம் பேட்டரி மாட்டச் சொல்லிப் போனால், ஆல்டர்னேட்டரிலிருந்து (என்ஜினோடு சுற்றி மின்சாரம் தருகிற கருவி) நேரே இணைக்க மாட்டார். நடுவே மின்சாரத்தை அளவாக விடுகிற டிசி-டிசி சார்ஜர் ஒன்று போட்டால்தான் செய்வார். லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிப் போய்விடும், முக்கியமாக வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது. இன்னொன்றையும் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார், அதற்காகவே எனக்கு இவர்களைப் பிடித்தது: 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை வைத்துக்கொண்டு இரவு முழுக்க ஏர்கோன் ஓட்ட முடியாது. அதில் இருப்பது சுமார் 1,280 வாட்-மணி, 1 எச்பி ஏர்கோன் அதை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். கூரையில் 200 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் 600, 700 வாட்-மணி வரும், அது விளக்கு, காற்றாடி, சின்ன ஃபிரிட்ஜுக்குத் தாராளம், ஏர்கோனுக்கு இல்லை. ஏர்கோன் வேண்டுமென்றால் மின்சாரம் கொடுக்கிற கேம்ப் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே நீட்டு வயரைச் சுருளோடு விடாமல் முழுக்க அவிழ்த்துப் போடுங்கள், சுற்றியபடியே ஏர்கோன் ஓட்டினால் உள்ளே சூடு கட்டி உருகும்.

எலியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் வண்டியை நிறுத்துவது தோட்டத்தை ஒட்டித்தான், செம்பனை இருக்கிற இடத்தில் எலி இருக்கும், அதற்காகத்தான் தோட்டங்களில் கம்பம் நட்டு கூகைக்குப் பெட்டி வைக்கிறார்கள். வண்டிக்குள் அரிசியும் பிஸ்கட்டும் விட்டுப் போனால் எலி தரைத்துளை வழியாக ஏறி, சாப்பாட்டோடு வயரையும் கடித்துவிடும். தண்ணீர்க் குழாயும் வயரும் தரையில் இறங்குகிற துளை ஒவ்வொன்றிலும் துருப்பிடிக்காத கம்பி வலையைச் சுருட்டி அடைத்துப் பசை வைக்கிறார்கள் இங்கே. பஞ்சு மாதிரியான நுரையை மட்டும் அடித்தால் எலி அதைத் தின்றே உள்ளே வரும். ஒரே ஒரு துளையை மூடக் கூடாது, சமையல் கேஸ் தோம்பு (சிலிண்டர்) வைக்கிற பெட்டியின் தரையில் இருக்கிற காற்றோட்டத் துளை. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் இறங்கும், அது வெளியேற அந்த வழி திறந்திருக்க வேண்டும், வலை மட்டும் போடலாம். பையன் ஒருவன் அதையும் அடைக்கப் போனபோது பெரியவர் போட்ட சத்தம் சாலை வரை கேட்டது.

கேஸைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோம்பு எப்போதும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், வாரால் கட்டியிருக்க வேண்டும். ரெகுலேட்டரிலும் குழாயிலும் சிரிம் தரமுத்திரை இருக்கிறதா பாருங்கள். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கேஸ் கசிவு கண்டுபிடிப்பான் வைப்பதானால் தரை ஓரத்தில் வையுங்கள், மேலே மாட்டிப் பிரயோஜனம் இல்லை.

அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்க்கும்போது டயரையும் பார்த்துச் சொல்கிறார்கள், காசு வாங்குவதில்லை. கேம்பர் வேன் டயர் தேய்ந்து போவதற்கு முன்னால் வயதாகிப் போய்விடும். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் (மேல் பள்ளங்கள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருஷத்துக்கு மேல் போன டயரோடு கேமரன் மலை ஏறாதீர்கள். பிரேக் ஆயிலும் அப்படித்தான், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்த ஆயில் மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் உள்ளே போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறுகிற பழைய பாதை முழுக்க வளைவு, சுமை ஏற்றிய வண்டிக்கு சிம்பாங் பூலாய் வழி எவ்வளவோ மேல், இறங்கும்போது கியரைக் குறைத்து என்ஜினையே பிடிக்க விடுங்கள்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வீட்டிலேயே 100 லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறோம். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35 வெள்ளியானதிலிருந்து எடை குறைந்தால் டீசலும் மிச்சம் என்று நான் கால் தொட்டித் தண்ணீரோடு போய், தங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நிரப்புகிறேன். தொட்டியைச் சுத்தம் பண்ண, 100 லிட்டருக்கு வாசனை சேர்க்காத குளோரக்ஸ் 100 மில்லி போதும், சில மணி நேரம் விட்டு, வாடை போகிற வரை அலசிவிடுங்கள். டாய்லெட் கேசட்டின் ரப்பர் வளையத்துக்கு வாசலினும் தேங்காய் எண்ணெயும் போடாதீர்கள், ரப்பர் கெட்டுப்போய்க் கசியும். சிலிக்கான் எண்ணெய், இல்லையென்றால் ஆலிவ் எண்ணெய். கழிவைச் செம்பனை வரிசையில் கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் காலையில் வேலைக்கு வருகிறவர்கள் நம் மனிதர்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பட்டறையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மெதுவாகத்தான் செய்வார்கள். மூன்று நாள் என்று சொன்னால் ஒரு வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போன் எடுப்பது அபூர்வம், வாட்சாப்பில் படம் அனுப்பினால் மகன் இரவில் பதில் போடுவார். ரசீது கேட்டு வாங்க வேண்டும், கேட்டால் எழுதித் தருகிறார்கள், என்ன பசை, எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள், பிற்பாடு வேறு யாராவது வண்டியைத் திறக்கும்போது உதவும். கொட்டகை பக்கம் திறந்தது, மழை சாய்ந்து அடித்தால் பசை வேலை அன்றைக்கு நின்றுவிடும், அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஈரத்தில் பூசுகிற ஆளைத்தான் நம்பக் கூடாது. காத்திருக்க நாற்காலி இல்லை, நான் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஒட்டுக்கடையில் தோசையும் சம்பலும் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பேன்.

போகும்போது வண்டி கிராண்டை (பதிவுச் சான்று) கையில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையைக் கழற்றி நிரந்தரமாகக் கட்டில் போடுகிற மாதிரி வேலைக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியும் புஸ்பாகோம் மாதிரி மையத்தில் வாகனப் பரிசோதனையும் வேண்டும், அந்தத் தாள் இல்லாமல் இவர்கள் கை வைப்பதில்லை. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முந்தின இரண்டு வாரம் வண்டியை விடாதீர்கள், எல்லோரும் பயணத்துக்கு முன்னால் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். பள்ளி விடுமுறை முடிந்த கையோடு போனால் கூரையைப் பொறுமையாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள். முன்பணம் பாதி, மீதியை ஒரு நல்ல மழை பார்த்துவிட்டு வந்து கொடுங்கள் என்று பெரியவரே சொல்வார்.